அலமாரியில் இருப்பவை: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு அலமாரியில் நீங்கள் போற்றிக் காத்துவரும் புத்தகங்களையும் நினைவுப் பொருள்களையும் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம், ஆனால் கண்முன்னே கெட்டுப்போகிறது, என்ன செய்வது? நூலகப் பணியிலும் நூல் சீரமைப்பிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில், என் கையால் செய்து பார்த்து உறுதியானவற்றையே இங்கே சொல்கிறேன். சில கடிதங்களை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தையார் 1950களில் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, பைண்டிங் செய்து வைத்திருந்தார். ஐந்து தொகுதிகள் இருக்கின்றன. பக்கங்கள் பழுப்பேறி, புரட்டும்போதே ஓரங்கள் உதிர்கின்றன. கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டலாமா? புதிதாக பைண்டிங் செய்யக் கொடுக்கலாமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: இரண்டுமே வேண்டாம். இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருப்பதால் காரணத்தைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

அக்காலத்து வார இதழ்கள், மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கிச் செய்த மலிவான தாளில் அச்சானவை. மரத்தில் நாரோடு கலந்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அந்தக் கூழிலிருந்து நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் பட்டு அது பழுப்பாகிறது. நாளடைவில் தாளுக்குள்ளேயே அமிலம் உண்டாகி நார்களை அறுத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட இது விரைவாக நடக்கும் என்பதால், குளிர்ந்த ஊரில் இன்னும் சில காலம் தாங்கியிருக்கக்கூடிய தாள் நம் சிங்கப்பூரில் முன்னதாகவே முறுமுறுத்துப் போகிறது. துணிக் கந்தலிலிருந்து செய்த தாளில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான நூல் இன்றும் வெளுப்பாக இருப்பதையும், நம் தந்தையர் வாங்கிய இதழ் எழுபது ஆண்டுகளில் அப்பளம்போல் நொறுங்குவதையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். பழுதுக்குக் காரணம் நீங்கள் பேணிய விதமன்று, தாள் பிறந்த விதம். நடந்ததை மாற்ற இயலாது. இனி நடக்கப்போவதைத் தாமதப்படுத்த இயலும்.

செல்லோடேப்பின் கேட்டை நான் என் கையாலேயே செய்து அறிந்தேன். பத்தொன்பது வயதில், என் பாட்டனாரின் பக்திப் பாடல் நூலில் கிழிந்திருந்த பக்கங்களுக்கு மிகுந்த அக்கறையோடு டேப் ஒட்டினேன். இருபது ஆண்டுகள் கழித்து அந்த நூலைத் திறந்தபோது, பளபளப்பான மேல்படலம் காய்ந்து சருகுபோல் மடியில் விழுந்தது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, தேன் நிறத்தில் ஒரு பட்டையாக நின்றது. அதன் கீழிருந்த எழுத்துகளின் மை கசிந்து, அடுத்த பக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழிசல் இருந்த காலத்தில் அந்தப் பாடலைப் படிக்க முடிந்தது. நான் ஒட்டிய பிறகு இரண்டு அடிகளைப் படிக்க முடியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

மறு பைண்டிங்கும் இதே போன்றதுதான். பைண்டிங் செய்பவர் முதுகுப் பகுதியைப் பிரித்து, மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டிச் சமப்படுத்துவார். ஒவ்வொரு முறையும் ஓரம் குறையும். முறுமுறுத்த தாள் புதுத் தையலைத் தாங்காமல், நூல் போன துளைகளின் வரிசையிலேயே முறிந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, தந்தையார் தேர்ந்தெடுத்த காலிகோ துணியும், முதுகில் எழுதிய தலைப்பும், தொகுத்த வரிசையும் போய்விடும் என்பதே. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் பிரித்துச் சேர்த்தவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள். பின்னால் நூலாக வந்த பதிப்பு எத்தனை அழகாக இருந்தாலும், அந்த வாரத்துச் சோப்பு விளம்பரமும் பக்கத்துக் கட்டுரையின் கடைசிப் பத்தியும் அதில் இல்லை. உங்கள் ஐந்து தொகுதிகள் எந்தக் கதையானாலும் இது பொருந்தும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் நீள, அகல, தடிமனுக்குச் சரியாக ஒரு பெட்டி செய்யுங்கள். அமிலமற்ற அட்டை என்று கேட்டால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அட்டை பிரிந்த தொகுதியைப் பருத்தி நாடாவால் இறுக்காமல் கட்டுங்கள்; ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அது உருகி ஒட்டிக்கொள்ளும். தொகுதிகளை நிற்கவைக்காமல் படுக்கவைத்து, ஒன்றன்மேல் இரண்டுக்கு மிகாமல் அடுக்குங்கள். கிழிசலைச் சரிசெய்தே ஆகவேண்டுமென்றால், மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாச்சத்துப் பசையையும் கொண்டு பழகியவர் செய்யட்டும். பின்னால் வேண்டாமென்றால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம் என்பதே அந்த முறையின் நன்மை. படிப்பதற்கு, ஒருமுறை பொறுமையாக அமர்ந்து எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, படத்தையே படியுங்கள். படமெடுக்கும்போது நூலை முழுவதும் விரித்து அழுத்தாமல், இரு பக்கமும் சிறு தலையணை கொடுத்துப் பாதியளவே திறந்து வையுங்கள்.

கேள்வி: இடம் போதாமல் இரண்டு அலமாரிப் புத்தகங்களை எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டருக்கு மாற்றினோம். எட்டு மாதம் கழித்துத் திறந்தால், அட்டைகளின்மேல் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் படிந்திருக்கிறது, வாடையும் அடிக்கிறது. வெயிலில் காயவைத்தால் சரியாகுமா? (வாசகர், ஈசூன்)

பதில்: அது பூஞ்சணம். தடித்த சுவரும் இறுகச் சாத்தும் இரும்புக் கதவும் கொண்ட அந்த அறை மனிதரைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. காற்று ஓடாத அறையில் புத்தகத்தை அடுக்குவது, ஈரத்துணியை மடித்துப் பெட்டியில் வைப்பதற்குச் சமம்.

நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் முளைக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், ஏன் நம் வீடுகளில் இந்தத் தொல்லை ஓய்வதில்லை என்பது விளங்கும். அதே கணக்கில் ஒரு வழியும் இருக்கிறது. பலர் காலையில் எழுந்ததும் காற்றுப் படட்டும் என்று அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். நாளின் மிக ஈரமான காற்று உள்ளே போகும் நேரம் அதுதான். மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, மாலையில் மூடிவிடுங்கள். சில வெள்ளிக்கு (டாலருக்கு) கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்தால், ஊகத்துக்கு வேலையில்லாமல் எண்ணே சொல்லிவிடும்.

பூஞ்சணம் பிடித்தவற்றை இப்போதே மற்ற நூல்களிலிருந்து பிரித்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் தேய்த்துவிட்டதாகும். ஆகவே விசிறிக் காற்றில் நிழலில் நிற்கவைத்து, பக்கங்களைச் சற்று விரித்து, முதலில் நன்றாகக் காயவிடுங்கள். நேரடி வெயில் அட்டையை வளைத்துவிடும், நிறத்தை வெளுத்துவிடும், பழுப்பேறுவதையும் விரைவுபடுத்தும். காய்ந்தபின் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னலருகே நின்று, மெல்லிய தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வீட்டில் வேறொருவர் செய்யட்டும். காய்ந்த பூஞ்சணம் செத்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். ஈரம் கிடைத்தால் மறுபடி எழும்.

பிறகு அவற்றை எங்கே வைப்பது? வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டி அலமாரி நிற்கவேண்டாம். பின்னால் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். இரவு முழுவதும் குளிரூட்டி ஓடும் படுக்கையறை நல்ல இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காலையில் குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று குளிர்ந்த அட்டைகளின்மேல் வேர்க்கிறது. இந்த ஏற்ற இறக்கம் தாளை நாள்தோறும் விரித்துச் சுருக்குகிறது. ஆள் நடமாட்டமும் விசிறியும் உள்ள கூடமே மேல் என்பது என் முடிவு. கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. சிறிய மூடிய அலமாரிக்கு அது உதவும். ஆனால் அடியில் தேங்கும் நீர் ஒருமுறை கவிழ்ந்தால் தாள் எளிதில் காயாது. டப்பாவைக் கீழ்த்தட்டில், அகலமான தட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: புத்தகங்களுக்கு நடுவே அந்துருண்டை போடும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இப்போது பேரக்குழந்தை பிறந்திருப்பதால் மருமகள் தடுக்கிறார். வசம்பும் வேப்பிலையும் போதுமா? (வாசகி, பிடோக்)

பதில்: மருமகள் சொல்வதைக் கேளுங்கள். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு உள்ளதா என்று பிறந்தவுடனேயே சோதிப்பதற்கும், இருப்பதாகத் தெரிந்தால் அந்துருண்டையை வீட்டிலேயே வைக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்கும் இதுவும் ஒரு காரணம். குழந்தைக்குக் குறைபாடு இல்லையென்றாலும் படிக்கும் பொருளோடு அந்த நஞ்சைக் கலந்து வைக்க வேண்டியதில்லை.

வசம்பும் வேம்பும் நம் முன்னோர் ஏடுகளுக்கும் நூல்களுக்கும் பயன்படுத்தியவை. நன்கு காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம். பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைப்பது தவறு. இலையின் ஈரம் தாளில் இறங்கி, இலையின் வடிவத்திலேயே கறையாகிவிடும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பனையோலைக்கு உரியது, தாளுக்கு ஆகாது.

இராமபாணப் பூச்சி மாச்சத்தைத் தேடி வருகிறது. அட்டையில் தடவிய பசைதான் அதற்கு உணவு. பழைய பைண்டிங் தொழிலாளர்கள் பசையில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலந்தது இதற்காகத்தான். பூச்சி ஏறிய நூலை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் அப்படியே இருந்து அறையின் வெப்பத்துக்கு வந்தபின் பிரித்தால், வேர்க்கும் நீர் பையின் மேலோடு நின்றுவிடும்.

கேள்வி: சரசுவதி பூசைக்கு வைக்கும் புத்தகங்களில் சந்தனமும் குங்குமமும் இடுவது கறையாகிறது. இடாமல் வைக்க மனம் வரவில்லை. (வாசகி, சுவா சூ காங்)

பதில்: மனம் வராதது நியாயம். பூசைக்கு வைக்கும் நூலைச் சுத்தமான பருத்தித் துணியிலோ வெள்ளைத் தாளிலோ சுற்றி, பொட்டை அந்த உறையின்மேல் இடுங்கள். விஜயதசமியன்று உறையைப் பிரித்துவிட்டுப் படிக்கத் தொடங்கலாம். குத்துவிளக்கு ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். பூவை நூலின்மேல் இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டாம்.

கேள்வி: என் பேரன் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நன்றாகப் படிக்கிறான். ஆனால் என் தாத்தாவின் நூல்களைக் கொடுத்தால், எழுத்தே வேறாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுகிறான். (வாசகர், அங் மோ கியோ)

பதில்: அவன் திணறுவது பதின்மூன்று எழுத்துகளில் மட்டும்தான் என்று சொல்லுங்கள், சொன்னதுமே பாதி அச்சம் போய்விடும். ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ. பழைய அச்சில் முதல் மூன்றுக்கும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழியும். ஐகார வரிசையின் நான்கிலும் தனிக் குறி இல்லாமல் யானைத் துதிக்கைபோல் ஒரு கோடு எழுத்தோடு வளைந்து சேரும். பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டபின் இந்த வடிவங்கள் பாடநூல்களிலிருந்து மறைந்தன. ஒரு அஞ்சலட்டை அளவுள்ள தாளில் பழைய வடிவத்தையும் அதன் எதிரே புதிய வடிவத்தையும் உங்கள் கையெழுத்தில் எழுதி, நூலுக்குள் வைத்துக் கொடுங்கள். இரண்டு மாலைகளில் பழகிவிடுவான்.

அவன் கட்டாயம் கேட்கப்போகும் இன்னொன்றும் உண்டு. பழைய நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கலாம். சர்வசித்து என்று இருந்தால் அது 1887இல் தொடங்கிய ஆண்டா, 1947இல் தொடங்கிய ஆண்டா? பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், தாள், அச்சகத்தின் முகவரி, விலை அணாவிலா வெள்ளியிலா என்பதையெல்லாம் பார்த்தே முடிவு செய்யவேண்டும். பக்க எண்கள் தமிழில் இருந்தால் ௰ பத்து, ௱ நூறு. இதையெல்லாம் துப்பறியும் வேலையாகப் பேரனிடமே விடுங்கள். தாத்தாவின் தாத்தா வாங்கிய நூல் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அவனே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்தெட்டு. ஏறத்தாழ ஆயிரம் தமிழ் நூல்கள் இருக்கின்றன. பிள்ளைகள் சிறிய வீட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் நூல்களில் நாட்டமில்லை. நூலகம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது, எதிர்பார்க்கவும் கூடாது. தமிழ்நாட்டில் பல பதிப்புகள் கண்டு இன்றும் கடையில் கிடைக்கும் நாவல்களையும் உரைநூல்களையும் படிக்க விரும்பும் நண்பர்களுக்கும் இளையர்களுக்கும் இப்போதே, நீங்கள் நலமாக இருக்கும்போதே, கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆயிரத்தில் பெரும்பகுதி இப்படிப் போய்விடும். மீதியில்தான் உங்கள் கவனம் தேவை.

ஒவ்வொரு நூலின் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் திறந்து, எங்கே அச்சிடப்பட்டது என்று பாருங்கள். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர், ஈப்போ என்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். இந்த ஊரில் தமிழ் அச்சுக்கு நெடிய வரலாறு உண்டு. முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் முன்னாஜாத்துத் திரட்டு 1872இல் இங்கே வெளிவந்தது; சிங்கை நேசன் வார இதழ் 1887இல் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் தமிழ் அச்சானது என்று இன்று நாம் சான்றோடு சொல்ல முடிவது, எங்கோ யாரோ ஒரு பிரதியை வீசாமல் வைத்திருந்ததால்தான். இங்கே வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் தன்னார்வலர்களின் பெரும் உழைப்போடு, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் வந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்கள் மின்னாக்கமும் செய்யப்பட்டன. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களையும் இன்று இணையத்தில் படிக்க முடிகிறது. ஆகவே நூல்களின் நிலை ஓரளவு நன்றாகவே இருக்கிறது.

நான் உண்மையில் அஞ்சுவது, நூல் என்று கணக்கில் வராதவற்றை நினைத்து. கோயில் குடமுழுக்கு மலர், தமிழர் திருநாள் நிகழ்ச்சி நிரல், மூடப்பட்ட தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, வாழ்த்துப்பா அச்சிட்ட திருமண அழைப்பிதழ், நாடக நுழைவுச்சீட்டு. ஒரே முறை அச்சாகி, கையோடு கையாகக் கொடுக்கப்பட்டு, மறுநாளே குப்பைக்குப் போனவை இவை. இடம் மாறும்போது பிள்ளைகள் முதலில் எறிவதும் இவற்றைத்தான். உங்கள் ஆயிரம் நூல்களையும்விட, அலமாரியின் அடித்தட்டில் மஞ்சள் உறைக்குள் இருக்கும் இந்தத் தாள்கள் அரியவையாக இருக்கக்கூடும். எதையும் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாமல், முதலில் பட்டியல் எழுதுங்கள்: தலைப்பு, ஆண்டு, அச்சகம், எந்த நிகழ்ச்சிக்கு வந்தது, உங்களிடம் எப்படி வந்தது. அந்தப் பட்டியலோடு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தைக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாதது எது என்று அவர்களே சொல்வார்கள். பட்டியலின் ஒரு பிரதியைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தமிழ் நூலில் நாட்டமில்லாத பிள்ளைக்கும், அப்பா மேடையேறிய நாடகத்தின் சீட்டு இதுதான் என்று தெரிந்துவிட்டால் அதை எறியக் கை வராது.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். 1961இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் இங்கே வந்தவர். அவருடைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கிறேன். ஒரு கவிதை நூலின் 84ஆம் பக்கத்தில் அந்தக் கப்பல் சீட்டு இருக்கிறது. இன்னும் பல நூல்களில் செய்தித்தாள் நறுக்குகள், கடிதங்கள், கடை ரசீதுகள், காய்ந்த பூ. இந்தத் துண்டுகள் புத்தகத்தைக் கெடுத்துவிடும், எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெட்டியில் போடலாம் என்று மகள் சொல்கிறாள். அவர் வைத்த இடத்திலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. (வாசகி, செங்காங்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் சொல்வதும் சரி. நீங்கள் தயங்குவதும் சரி. இரண்டுக்கும் இடங்கொடுத்துச் செய்ய வழி இருக்கிறது.

மகள் சொல்வது ஏன் சரி என்றால், செய்தித்தாள் நறுக்கு இருக்கும் பக்கத்தைத் திறந்து நறுக்கைத் தூக்கிப் பாருங்கள். அது படிந்திருந்த இரு பக்கங்களிலும், அதே அளவில், தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு நிழல் தெரியும். நறுக்கின் மூலை மடிந்திருந்தால் நிழலின் மூலையும் மடிந்திருக்கும். நறுக்கிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளுக்குப் பரவியதன் அடையாளம் அது. இனியும் விட்டுவைத்தால் அந்த அளவுக்குத் தாள் இற்றுப்போகும். குண்டூசியோ கிளிப்போ குத்தியிருந்தால் அதன் துருவும் இறங்கியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்து ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், எது எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அன்றோடு அழிந்துவிடும். கப்பல் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு பயணத்தின் சான்று. ரஜூலா 1926இல் கட்டப்பட்டு, நம் மக்களை ஆயிரக்கணக்கில் தளப் பயணிகளாகச் சுமந்து, 1970களின் தொடக்கம்வரை இந்தக் கடலில் ஓடிய கப்பல். அதன் சீட்டு எந்த அருங்காட்சியகத்துக்கும் பெருமை சேர்க்கும். அதே சீட்டு அந்தக் கவிதை நூலின் 84ஆம் பக்கத்தில் இருந்தது என்பது உங்கள் கணவரைப் பற்றிய செய்தி. அதை நூலகமோ அருங்காட்சியகமோ கண்டுபிடித்துத் தர முடியாது. எனவே இடத்தைக் காப்பாற்றிவிட்டுப் பொருளை எடுங்கள்.

ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு இருக்கும் பக்கத்தை அப்படியே திறந்து, துண்டு அதன் இடத்தில் இருக்கும்போதே ஒரு படம் எடுங்கள். பக்க எண்ணும் படத்தில் தெரியட்டும். பிறகு துண்டை எடுத்து அமிலமற்ற தாளில் செய்த உறையில் இடுங்கள். அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண மென்பிளாஸ்டிக் உறைகள் மையை உரித்துவிடும். நூலின் அந்தப் பக்கத்தில் ஒரு மெல்லிய அமிலமற்ற தாள்துண்டை அடையாளத்துக்கு வையுங்கள். உறைகளையெல்லாம் ஒரு பெட்டியில் இட்டு, அந்தப் பெட்டியை நூல்களுக்கு அருகிலேயே, அதே தட்டில் வையுங்கள்.

கடை ரசீதுகளை இன்றே படமெடுங்கள். அண்மைக் காலத்து ரசீதுகள் சூட்டில் அச்சாகும் தாள். சில ஆண்டுகளிலேயே வெறும் வெள்ளையாகிவிடும். கடிதங்களின் மடிப்பை மெல்லப் பிரித்து விரித்தபடி வையுங்கள், மடிப்புக் கோட்டில்தான் கடிதம் முதலில் முறியும். பூவை மெல்லிய தாளில் பொதிந்து சிறு பெட்டியில் வைக்கலாம். அது விட்ட கறை அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும், அழிக்க முயலாதீர்கள். எதையும் லேமினேட் செய்யவேண்டாம். சூட்டில் ஒட்டிய படலத்தைப் பிரிக்க வழியே இல்லை.

நூல்களின் உள்ளட்டைகளையும் கடைசி வெற்றுப் பக்கங்களையும் பார்க்காமல் விடாதீர்கள். பிள்ளைகள் பிறந்த நாள், நேரம், நட்சத்திரம் ஆகியவற்றைக் கையிலிருந்த நூலின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். திருமணத்துக்குப் புத்தகம் பரிசளித்தவர்கள் அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தின் கணக்குப் பென்சிலில் மங்கலாக இருக்கலாம். பேனா மை நீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் ஈரத்துணி அந்தப் பக்கங்களுக்குப் போகவே கூடாது. காய்ந்த மென்துணி போதும்.

ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலையன்று இது. மகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, நாளுக்கு ஒரு நூல், அதற்குமேல் வேண்டாம். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். எழுதுவது மென்மையான பென்சிலால் இருக்கட்டும். துண்டை உறைக்குள் இடுவதற்கு முன்பே எழுதிவிட்டால் உள்ளிருப்பதில் அழுத்தம் பதியாது. கப்பல் சீட்டின் உறையில் நூலின் பெயரையும் 84 என்ற பக்க எண்ணையும் எழுதியபின், அந்தப் பக்கத்துக் கவிதையை உங்கள் கணவர் எப்போதாவது வாய்விட்டுப் படித்ததுண்டா, யாரிடம், எந்த வீட்டில் என்று உங்களுக்கு நினைவிருப்பதையும் அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.